பஞ்சு இல்லாத குடில்

போன டிசம்பரில் எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்தில் கிறிஸ்துமஸ் குடில் மொட்டையாக நின்றது. மாடு இருந்தது, கழுதை இருந்தது, கூரைக்கு லாலாங் புல் வேய்ந்திருந்தது. பஞ்சு மட்டும் இல்லை. வருஷா வருஷம் பஞ்சு வைக்கிறவள் அந்தோனியம்மாள். லுக்குட் மருந்துக் கடையில் சுருள் பஞ்சு வாங்கி வந்து, பிய்த்துப் பிய்த்துக் கூரைமேல் போட்டு, மாதாவின் காலடியில் பரப்பி, தள்ளி நின்று பார்த்து, "இப்பதான் பனி பேஞ்ச மாதிரி இருக்கு" என்று அவள் சொன்னால்தான் குடில் முடிந்தது என்று அர்த்தம். வேறு யாரும் கை வைக்க முடியாது. போன வருஷம் அவள் பஞ்சே வாங்கவில்லை.

கோயில் பொறுப்பாளர் கேட்டார். "என்ன அந்தோனியம்மா, பஞ்சு வைக்கலியா?"

"பெத்லகேம்ல எப்ப பனி பேஞ்சுது? அதுவும் நம்ம போர்டிக்சன் மாதிரி வெயில் அடிக்கிற ஊருதான். இத்தன வருஷம் பொய்யா வச்சிக்கிட்டு இருந்தோம்."

அவர் திரும்பி மாட்டையும் கழுதையையும் நேராக நிறுத்தத் தொடங்கினார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்தோனியம்மாளுக்கு உலைமூடி வேண்டாம், ஒரு பார்வை போதும். நான் அவளுடைய எதிர்வீட்டுக்காரி, ரோகினி. மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள், கேக்குத் தின்ன மட்டும் சிற்றாலயத்துப் பக்கம் தலை காட்டுகிறவள். குடிலில் பஞ்சு இருந்தால் எனக்கென்ன, இல்லாவிட்டால் எனக்கென்ன. ஆனால் அது ஏன் இல்லை என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜென்மம் நான் இல்லை. அதனால் சொல்கிறேன்.

அந்தோனியம்மாளின் புருஷன் அமலதாஸ் தோட்டத்து லாரி ஓட்டியவர். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போகிற லாரி. ஒரு மழை நாளில் செம்மண் இறக்கத்தில் லாரி வழுக்கி ஓடைக்குள் கவிழ்ந்தது. குலைகளுக்கு அடியிலிருந்துதான் அவரை எடுத்தார்கள். ஒரே மகள் ஜோஆனுக்கு அப்போது ஒன்பது வயது. அதிலிருந்து அந்தோனியம்மாளுக்கு வழுக்கல் என்றாலே ஆகாது. குளியலறையில் பாசி பிடித்தால் அன்றைக்கே தேய்த்துவிடுவாள். என் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வருகிறவள், மழைக்காலத்தில் இறக்கம் வந்ததும் இறங்கி நடக்கத் தொடங்கிவிடுவாள். நான் கீழே போய்க் காத்திருக்க வேண்டும்.

மகளோ நேர் எதிர். காய்ந்த மட்டையில் உட்கார்ந்து, அப்பன் செத்த அதே இறக்கத்தில் மற்றப் பிள்ளைகளோடு சறுக்கிக்கொண்டு போகும். அந்தோனியம்மாள் துடைப்பத்தோடு துரத்துவாள். "ஆனைக்கே அடி சறுக்கும்டி, நீ எலி" என்று நானும் திட்டியிருக்கிறேன். எலி கேட்டால்தானே.

அந்தோனியம்மாளுக்கு ஒரு தங்கை, விமலா. நியூசிலாந்தின் தெற்கே ஒரு மலை ஊரில், புருஷனோடு ஹோட்டல் சமையலறையில் வேலை. பிள்ளை இல்லை. "அக்கா, ஜோஆன என்கிட்ட விடு, நல்லா படிக்க வைக்கிறேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இங்கே அந்தோனியம்மாள் விடியுமுன் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கப் போனால், பிள்ளையைப் பார்க்க ஆள் கிடையாது. யோசித்து யோசித்து, பதினொரு வயதில் அனுப்பிவிட்டாள்.

அனுப்புவதற்கு முந்தின நாள் என் அடுப்படியில் நின்றுகொண்டு அவள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அங்க முழுக்கப் பனியாமே ரோகினி. அதுவும் நல்லதுதான். இங்க செம்மண்ணுல விழுந்தா மண்ட ஒடையும். பனியில விழுந்தா என்ன? பஞ்சுல விழுந்த மாதிரிதான்."

நானும் தலையை ஆட்டினேன். நாங்கள் பார்த்த பனி குடிலில் இருந்ததும், சினிமாப் பாட்டில் வருவதும்தான். அதில் கதாநாயகி மெல்லிசுச் சேலையோடு விழுந்து புரண்டு, பனியை அள்ளிக் கதாநாயகன்மேல் வீசுவாள். அவளுக்கு ஒரு சிராய்ப்பு உண்டா? அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும் எங்களுக்கு.

ஜோஆன் அந்த ஊர்ப் பள்ளியில் பனிச்சறுக்கு கற்றது. மட்டையில் சறுக்கியது பலகையில் சறுக்காதா? பிறகு பந்தயம். மலைமேலிருந்து சிவப்பும் நீலமுமாகக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். ஒன்றைக்கூட விடாமல் ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு கீழே வர வேண்டும். ஜயண்ட் ஸ்லாலம் என்று பேர். பாஸ்போர்ட் மலேசியா என்பதால் நம் கொடியோடு ஓடினாள். நம் நாட்டில் இதற்கு ஆளே இல்லை, அதனால் ஐரோப்பாவுக்கெல்லாம் அனுப்பினார்கள். ஆனால் எப்போதும் கடைசிக் கூட்டத்தில்தான் இறங்குவாள். பெரிய வீராங்கனைகள் முதலில் போய்விடுவார்கள், அவர்கள் பலகை அறுத்துப் போட்ட பாதையில் இவள் வர வேண்டும். விமலா அனுப்புகிற வீடியோவில் மகள் ஒரு வெள்ளைத் துணிமேல் எறும்பு போல ஓடுவாள். "பாரேன், எவ்ளோ மெத்துன்னு இருக்கு" என்பாள் தாய். அவள் ஒரு நாள்கூடப் பயப்பட்டதில்லை.

அவளுடைய கவலை வேறு. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டாயா, குளிக்கிறாயா, ஜெபம் சொல்கிறாயா என்று கேட்டு முடித்து, கடைசியில் ஒன்று கேட்பாள். "எப்ப வர்ற?" அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வரும். "அடுத்த வருஷம்லா, ம்மா." இது மாறியதே இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் பிள்ளை வந்தது இரண்டே தடவை. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் அந்தோனியம்மாள் போனை வைத்ததில்லை. கேட்டு, அடுத்த வருஷம் என்ற பதிலை வாங்கிக்கொண்டால், அந்த வாரத்துக்கு அது போதும் அவளுக்கு.

போன வருஷம் ஜனவரியில் ஐரோப்பாவில் ஒரு பந்தயம். எங்களுக்குச் சாயங்காலம். என் வீட்டில்தான் வைஃபை ஒழுங்காக இருக்கும் என்பதால், அந்தோனியம்மாள் ஹோட்டல் துப்புரவு வேலை முடிந்து அதே சட்டையோடு வந்து உட்கார்ந்தாள். தோட்ட வேலையை விட்டு போர்டிக்சன் கடற்கரை ஹோட்டலுக்குப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. கடைசியில் ஓடுகிறவர்களைப் படம் காட்ட மாட்டார்கள். போனில் ஒரு பக்கம் வரும். பேர், பேருக்கு எதிரே நேரம், அவ்வளவுதான். ஜோஆனின் பேர் மேலே வந்தது. நாங்கள் பால் விடாத தே ஓ குடித்துக்கொண்டு பார்த்தோம். நேரத்துக்குப் பதிலாக மூன்று எழுத்து வந்தது. டி.என்.எஃப்.

"அப்படின்னா என்ன?" என்று கேட்டாள்.

"முடிக்கலன்னு அர்த்தம். கம்பத்த விட்டிருப்பா. அடுத்த தடவ பாத்துக்கலாம்."

அவள் சரி என்று டம்ளரைக் கழுவப் போனாள். அப்போதுதான் விமலா கூப்பிட்டாள். அழுதுகொண்டே சொன்னாள். செங்குத்தான இடத்தில் வெளிக்கால் பலகை பிடி விட்டு, இடுப்பால் சறுக்கிக்கொண்டே போய் ஓரத்து வலையில் மோதியிருக்கிறாள். ஒரு பலகை காலைவிட்டுக் கழலவில்லை. முட்டியில் தசைநார் அறுந்து, கீழே எலும்பும் உடைந்துவிட்டது. ஹெலிகாப்டரில் தூக்கிப் போய், அறுவைச் சிகிச்சைக்கு எடுத்துப் போகிறார்கள்.

"பனியில விழுந்தா எப்படி எலும்பு ஒடையும்?" என்று அந்தோனியம்மாள் கேட்டாள். அவளுக்குப் புரியவில்லை.

"பனியில்லக்கா, ஐஸு. தண்ணி அடிச்சு கல்லு மாதிரி ஆக்கி வச்சிருக்காங்க."

"யாரு?"

"பந்தயம் வைக்கிறவங்கதான்."

"வேணும்னேயா?"

விமலா ஆமாம் என்றாள். அந்தோனியம்மாள் போனை என் கையில் கொடுத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் சிற்றாலயத்துக்கு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். மாதா சிலைமுன் விழுந்து, வாய்விட்டுக் கத்தினாள். "தாயே, எம்புள்ள எந்திரிச்சு ரெண்டு கால்ல நடந்து வரட்டும். இனிமே அவள பனியில காலு வைக்க விடமாட்டேன். இது நேர்ச்சை." மூன்று தடவை சொன்னாள். நான் அவள் மாதாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த நேரத்தில் எந்தச் சாமியாக இருந்தால் என்ன.

அந்த வாரம் நாங்கள் லுக்குட் பாசாருக்குப் போனோம். மீன் கடையில் பெரிய ஐஸ் கட்டியை இறக்கி வைத்திருந்தான் கடைக்காரன், பெட்டி அளவுக்கு. அந்தோனியம்மாள் அதன் பக்கத்தில் போய் நின்றாள். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கி, தன் முட்டியைக் கொண்டுபோய் அதில் இடித்தாள். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. "ஹோய் காக்காக், அப்பா இனி?" என்று கடைக்காரன் மலாயில் சத்தம் போட்டான், என்னக்கா இது என்று. நான் இழுத்துக்கொண்டு வந்தேன். மோட்டாரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "பஞ்சுன்னு சொல்லி அனுப்பினேன் ரோகினி. நான்தான் சொன்னேன், பஞ்சுன்னு" என்று தோட்டம் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஜோஆன் ஊன்றுகோலோடு மார்ச்சில் வீட்டுக்கு வந்தாள். இருபத்துமூன்று வயது, ஆம்பளைப் பிள்ளை மாதிரித் தோள், தமிழில் பாதியை எங்கோ விட்டுவிட்டு வந்திருந்தாள். இட்டிலிக்கு முள்கரண்டி தேடினாள். தாயும் மகளும் முதல் சில வாரம் விருந்தாளி மாதிரி ஒருவருக்கொருவர் வழி விட்டுக்கொண்டு நடந்தார்கள். பிறகு பழகிவிட்டது. கோழிச் சூப்பு, ஆட்டுக்கால் சூப்பு, முட்டிக்கு எண்ணெய்த் தேய்ப்பு. காலை எழுந்ததும் செருப்பில்லாமல் வீட்டுக்குப் பின்னால் புல்மேட்டில் நடப்பாள். பாதத்தில் உணர்ச்சி நன்றாக வர வேண்டும் என்று பிசியோ சொன்னதாம். ஊன்றுகோல் போயிற்று, நொண்டல் போயிற்று. அந்தோனியம்மாள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு துணி காயப்போட்டாள். அவளை அப்படிப் பார்த்து எத்தனையோ வருஷம். 'எப்ப வர்ற' என்று கேட்க வேண்டிய தேவையே அந்த வீட்டில் இல்லாமல் இருந்தது.

செப்டம்பரில் ஒரு நாள் நான் பலாப்பழம் கொடுக்கப் போனேன். ஜோஆன் சொல்லிக்கொண்டிருந்தாள். "அடுத்த மாசம் போறேன் ம்மா. பிப்ரவரியில பெரிய போட்டி இருக்கு. அதுக்குள்ள ட்ரெய்னிங் முடிக்கணும்."

அந்தோனியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "போகலாம். சித்தி வீட்டுக்குப் போ, வேல செய். பனி பக்கம் போகக்கூடாது. நேர்ந்துக்கிட்டிருக்கேன்."

"என்ன நேர்ந்தீங்க?"

சொன்னாள். பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. "என்னைக் கேட்டீங்களா? என் கால் ம்மா அது!"

"நான் பெத்த காலு."

எனக்கு வாய் நிற்குமா? "கடைத்தேங்காய எடுத்து வழிப்பிள்ளையாருக்கு ஒடச்ச கதையால்ல இருக்கு, அக்கா" என்றேன். அந்தோனியம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஜோஆனுக்குப் பழமொழி புரியவில்லை. ஆனால் நான் அவள் பக்கம் என்று புரிந்துவிட்டது.

"ஆன்ட்டி, கரெக்டா என்ன வார்த்த சொன்னாங்க?"

"இனிமே பனியில காலு வைக்க விடமாட்டேன்னு."

"பனின்னா ஸ்நோவா?"

"அதுவும் பனிதான். விடியக்காலத்துல புல்லு மேல நிக்குதே ஈரம், அதுவும் பனிதான்."

ஜோஆன் கைகொட்டிச் சிரித்தாள். "அப்போ நான் டெய்லி காலையில பனியிலதான நடக்கிறேன்! அம்மாவே பாத்துக்கிட்டுதான இருக்காங்க? நேர்ச்சை எப்பவோ போச்சு. ஒண்ணும் ஆகலியே. அதுமில்லாம நான் ஓடுறது பனியே இல்ல, ஐஸு."

"மாதாகிட்ட வக்கீல் வேல பாக்காத" என்றாள் அந்தோனியம்மாள். சத்தம் போடவில்லை. அதனால் சிரிப்பு சட்டென்று நின்றது.

கரண்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு அவளே கேட்டாள். "எதுக்குடி வேணும்னே தண்ணி ஊத்தி ஐஸாக்கறாங்க? எந்தப் பாவிக்கு இந்த யோசன வந்துச்சு?"

"பாவி இல்ல ம்மா. ஓட்ட போட்ட பைப்ப பனிக்குள்ள எறக்கி தண்ணிய அடிப்பாங்க, அது ராத்திரி உறஞ்சிடும். இல்லன்னா முதல்ல போறவங்களே பாதைய பள்ளம் பண்ணிடுவாங்க. பின்னால வர்றவங்களுக்கு ஒண்ணுமே மிஞ்சாது. ஐஸா இருந்தாதான் என்ன மாதிரி கடைசியா போறவங்களுக்கும் கொஞ்சம் நல்ல பாத கிடைக்கும். ஐஸுதான் ம்மா எனக்கு நியாயம்." பிறகு குரல் இறங்கிவிட்டது. "எல்லாரும் நான் விழுந்துட்டு எந்திரிச்சுட்டேன்னு நினைக்கிறீங்க. நான் இன்னும் அங்கேயேதான் இருக்கேன். பாதி மலையில. கீழ எறங்கவே இல்ல. ஒரு தடவ எறங்கி முடிச்சாதான் எனக்கு அது முடியும்."

அந்தோனியம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஜோஆன் நேர்ச்சையை மீறிப் போய்விடுவாள் என்று நான் நினைத்தேன். டிக்கெட் விமலா போட்டுவிட்டாள். ஆனால் அந்தப் பிள்ளை பெட்டி கட்டவில்லை. அம்மா வாயால் போ என்று சொல்லாமல் அந்த மலைமேல் நிற்க முடியாது என்று என்னிடம் சொன்னாள். மேலே நிற்கும்போது மனத்தில் ஒரு முள் இருந்தால் கால் நடுங்குமாம். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்பார்கள். இந்த வீட்டில் கல்லும் பித்தும் இடம் மாறிக் கிடந்தன.

நான் அந்தோனியம்மாளிடம் நேராகவே கேட்டேன். "நீ நேர்ந்தது புள்ள காலுக்கா, இல்ல புள்ள வீட்டுலயே இருக்கணும்னா?"

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. வேலைக்குப் பஸ்ஸில் போனாள். நான் மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு வாசலில் நிற்பேன், பார்க்காமல் நடந்து போவாள். கேட்டது தப்பு என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் அவள் இல்லாத பின் ஸீட்டோடு லுக்குட் போய் வருவது எனக்குப் பிடிக்கவில்லை.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஃபாதர் பேட்ரிக் பூசைக்கு வருவார். சின்ன வயது, என் மகனைவிட இளையவர். பூசை முடிந்து காரில் ஏறப் போனவரை அந்தோனியம்மாள் மறித்தாள். மறிக்கும்முன் என் வீட்டுப் பக்கம் திரும்பி, "நீயும் வா, நீதான சாட்சி" என்று கூப்பிட்டாள். அதுதான் சமாதானம். நான் போனேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஃபாதர் சொன்னார். "அம்மா, இன்னொருத்தர் கால வச்சு நீங்க நேர்ச்சை பண்ண முடியாது. அவங்க வயசு வந்த பொண்ணு. இது அவங்களக் கட்டாது."

"அப்ப நான் மாதாகிட்ட பொய் சொல்லி கால வாங்கிக்கிட்டதா ஆகாதா, சாமி?"

"வேணும்னா மாத்திக்கலாம். ஒரு மாசம் தினமும் ஜெபமாலை சொல்லுங்க, போதும்."

அந்தோனியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஜெபமாலை நான் தினமும்தான் சொல்றேன். அதுல எனக்கு என்ன கொறஞ்சு போச்சு? எம்புள்ள காலு அவ்ளோ மலிவா?"

ஃபாதர் கார்ச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அப்படின்னா எது பெருசுன்னு உங்களுக்குத்தான் தெரியும். அதையே குடுங்க. ஆனா அது உங்களோடதா இருக்கணும்."

அவள் சிற்றாலயத்துக்குள் போய் வெகு நேரம் இருந்தாள். நான் வாசலில் நின்றேன். வெளியே வந்தவள் முகம் கழுவினமாதிரி இருந்தது. வீட்டுக்கு நடக்கும்போது சொன்னாள்.

"போகட்டும். அவ எறங்கி முடிச்சு ரெண்டு கால்ல நின்னான்னா, அன்னிக்கோட நான் அந்தக் கேள்விய விட்டுடறேன்னு சொல்லிட்டேன்."

"எந்தக் கேள்விய?"

"எப்ப வர்றன்னு கேக்கறத. இனி சாகற வரைக்கும் கேக்க மாட்டேன். அவளா வந்தா வரட்டும். வரலன்னா வரல."

"பைத்தியமா உனக்கு? சாமி ஜெபமாலை போதும்னாருல்ல?"

"வேற என்ன இருக்கு ரோகினி எங்கிட்ட, குடுக்கறதுக்கு?" என்றாள். "அவகிட்ட சொல்லிடாத. சொன்னா அதுக்காகவே வருவா. அப்புறம் அது குடுத்ததாவே ஆகாது."

என்னிடம் ஒரு ரகசியத்தை ஒப்படைப்பது கோழியிடம் நெல்லைக் காயப்போட்டுப் பார்த்துக்கொள் என்பது மாதிரி. ஆனாலும் ஒப்படைத்தாள்.

அக்டோபரில் விமான நிலையத்தில் ஜோஆனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "எப்ப வர்ற?" என்று கேட்டாள். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கேட்டாள். கேட்க உரிமை இருக்கும்வரை கேட்டுவிட வேண்டும் என்று, போனில் இரண்டு தடவை, மூன்று தடவைகூடக் கேட்டாள். "என்னம்மா, இப்பதான கேட்டீங்க" என்று பிள்ளை சிரிக்கும். டிசம்பரில் குடிலில் பஞ்சு வைக்காமல் விட்டாள். அந்தப் பொய் இனி வேண்டாம் என்றாள்.

இந்தப் பிப்ரவரியில் அந்தப் பந்தயம் வந்தது. அதே மாதிரிச் சாயங்காலம், அதே என் வீடு. முந்தின நாளே ஜோஆன் சொல்லியிருந்தாள், பாதை கண்ணாடி மாதிரி இருக்கிறது, முதல் வரிசை ஆட்களே பயப்படுகிறார்கள் என்று. போனில் பேர்கள் ஒவ்வொன்றாக ஏறின. நேரம், நேரம், டி.என்.எஃப்., நேரம், டி.என்.எஃப்., டி.என்.எஃப். அந்த மூன்று எழுத்து இப்போது அந்தோனியம்மாளுக்கும் படிக்கத் தெரிந்திருந்தது. ஒவ்வொன்று வரும்போதும், "யாரு பெத்த புள்ளையோ" என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஜோஆன் பேர் மேலே வந்தது. தே ஓ ஆறிப்போய் இருந்தது. அந்தோனியம்மாள் தன் முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நடுவழியில் ஒரு நேரம் காட்டினார்கள். அப்படியென்றால் போன தடவை விழுந்த மாதிரியான செங்குத்தைத் தாண்டிவிட்டாள். பிறகு ஒன்றும் இல்லை. பக்கம் அப்படியே நின்றுவிட்டது. வைஃபையை நான் கண்டபடி திட்டினேன். பிறகு அவள் பேருக்கு எதிரே நேரம் வந்து விழுந்தது.

கடைசி இடம். முதலில் வந்தவளுக்கும் இவளுக்கும் எத்தனையோ விநாடி தூரம். நான் எழுந்து குதித்தேன். அந்தோனியம்மாள் குதிக்கவில்லை. "நிக்கிறாளா?" என்று கேட்டாள்.

"நேரம் வந்தாச்சுன்னா எறங்கிட்டான்னு அர்த்தம் அக்கா!"

"நிக்கிறாளான்னு அதுல போட்டிருக்கா?"

அதில் எங்கே போட்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். காற்றுச் சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம்.

"ம்மா! எறங்கிட்டேன்!"

"நிக்கிறியா?"

"நிக்கிறேன் ம்மா. ரெண்டு கால்லயும். கடைசிதான், ஆனா முடிச்சிட்டேன்லா."

அந்தோனியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கமானதைக் கேட்டாள். முட்டி வலிக்கிறதா, சாப்பிட்டாயா, கம்பளிச் சட்டை போட்டிருக்கிறாயா. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. பிறகு பேச்சு நின்றது. அந்தப் பக்கத்தில் பிள்ளை காத்திருப்பது எனக்கே தெரிந்தது.

"அப்புறம் ம்மா?"

"அவ்ளோதான். குளுருல நிக்காத, உள்ள போ."

"ஒண்ணு கேக்க மறந்துட்டீங்க."

அந்தோனியம்மாளின் உதடு அசைந்தது. என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் யாரிடமும் பார்த்ததில்லை, இனியும் பார்க்க வேண்டாம். "ஒண்ணுமில்லம்மா. லைன் சரியில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து, டம்ளர்களை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டுக் கழுவத் தொடங்கினாள். இரண்டே டம்ளர். அதற்கு அவ்வளவு தண்ணீர் வேண்டியதில்லை.

"ஆன்ட்டி, அம்மாவுக்கு என்ன?"

உண்மை என் நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கினேன். சொல்லாதே என்றுதானே அவள் கேட்டாள். ஆனால் கேட்காதே என்று என்னிடம் அவளும் சொல்லவில்லை, மாதாவும் சொல்லவில்லை. நேர்ந்தது அவள் வாய், என் வாய் இல்லை. வக்கீல் வேலை என்றால் வக்கீல் வேலைதான், அந்தப் பாவம் என் கணக்கில் இருக்கட்டும்.

"ஒண்ணுமில்லடா, சந்தோஷத்துல அழுவுறாங்க" என்றேன். பின்கட்டுக்குக் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினேன். "ஆமா, எப்ப வர்ற நீ?"

பின்கட்டில் குழாய்ச் சத்தம் நின்றது.

"அடுத்த வருஷம்லா, ஆன்ட்டி" என்றாள் ஜோஆன். போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது.